கண்ணால் ஒழுகும் மருந்து

ஒக்டோபர் 8 (18 மில்லிகிராம்)

டொக்டர் இன்று ஒரு கொப்பி தந்தார். நீல மட்டை. ஒவ்வொரு முறை மருந்தைக் குறைக்கும்போதும் உடம்பு என்ன செய்கிறது என்று எழுதிவர வேண்டுமாம். இங்கிலிசில் எழுதினால் எனக்கு வருத்தம்கூட ஒழுங்காக வராது, தமிழில்தான் எழுதுவேன் என்றேன். எந்த மொழியானாலும் பரவாயில்லை, எழுதுவதுதான் முக்கியம் என்றார்.

ஆகவே எழுதுகிறேன். பெயர் ஞானச்சந்திரன். வயது ஐம்பத்தேழு. ஸ்காபரோவில் யோகலிங்கத்தின் அச்சகத்தில் கல்வெட்டு எழுதுகிறவன். கல்வெட்டு என்றதும் டொக்டரைப்போல உளியும் கல்லும் நினைக்கக் கூடாது. எங்கள் ஆட்களில் ஒருவர் செத்தால் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வருகிறவர்களுக்கு ஒரு புத்தகம் கொடுப்பார்கள். அதற்குப் பெயர்தான் கல்வெட்டு. முதலில் படம், பிறகு தேவாரம், பிறகு வம்சாவழி, பிறகு புலம்பல். மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், மருமக்கள் புலம்பல், பேரர் புலம்பல். புலம்ப வேண்டியவர்களுக்கு நேரமில்லாதபடியால் எல்லாருக்கும் பதிலாக நான் பாட்டில் புலம்புகிறேன். பதினாறு வருடத்தில் எத்தனை பேருக்கு மனைவியாக இருந்திருக்கிறேன் என்று எனக்கே தெரியாது.

மருந்தின் கதை சின்னக் கதை. ஒன்பது வருடத்துக்கு முன் கடதாசிக் கட்டுத் தூக்கி இடுப்புப் பிடித்தது. வலிக்குத் தந்த குளிசையை வலி போன பிறகும் என்னால் விட முடியவில்லை. குளிசையை விடுவதற்கு மெதடோன் தந்தார்கள். எட்டு வருடமாக மெதடோனை விட முடியவில்லை. தோடம்பழச் சாற்றில் கலந்து தருவார்கள். திங்கட்கிழமை மருந்துக்கடைக்குப் போய்ப் பாமசிக்காரியின் கண்முன்னால் ஒரு கிண்ணம் குடிக்க வேண்டும். விழுங்கிவிட்டேனா என்று பார்ப்பதற்காக ஏதாவது பேசச் சொல்வாள். மற்ற ஆறு நாளுக்கும் ஆறு சின்னப் போத்தல், பூட்டுப் பெட்டியில் வீட்டுக்கு. தமிழ் முகமே தென்படாத பகுதியாகப் பார்த்து, இரண்டு பஸ் மாறிப் போகிற பாமசி இது. யோகலிங்கத்திடம் திங்கட்கிழமைகளில் யோகா வகுப்பு என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

என் மனைவி புனிதமலர் ஏப்ரலில் ஒட்டாவாவில் மகள் வீட்டுக்குப் போனவள் இன்னும் வரவில்லை. பேரனைப் பார்க்கப் போயிருக்கிறாள். அவள் போகும்போது நான் எண்பது மில்லிகிராமில் இருந்தேன். இப்போது பதினெட்டு. பெப்ரவரி நடுவில் பூச்சியம் என்று டொக்டர் அட்டவணை போட்டிருக்கிறார். பூச்சியமானதும் போய் அவளைக் கூட்டிவருவேன். இது அவளுக்குத் தெரியாது.

ஒக்டோபர் 11

கொட்டாவி. மத்தியானத்துக்குள் முப்பத்தொன்று. என்னைப் பார்த்து யோகலிங்கம் விட்டான். அவனைப் பார்த்து ஒரு வாடிக்கையாளர் விட்டார். செத்தது அவருடைய மாமனார். அவர் ஒன்றும் நினைத்ததாகத் தெரியவில்லை.

ஒக்டோபர் 22 (16 மில்லிகிராம்)

காலையில் எழும்பினால் படுக்கைவிரிப்பு நிலத்தில் கிடக்கிறது. கால்கள் இரண்டும் என்னைக் கேட்காமல் எங்கேயோ சைக்கிள் ஓடிவிட்டு வந்திருக்கின்றன. உரித்த கோழி மாதிரி தோல் முழுக்க மயிர்க்கூச்சு. மற்றும்படி சுகம்.

ஒக்டோபர் 27

கல்வெட்டுக்குப் படம் வாங்க இன்று, பிரேதத்தைப் பார்வைக்கு வைத்திருந்த மலர்ச்சாலைக்குப் போனேன். செத்தவர் ஓய்வுபெற்ற தபாலதிபர், எண்பத்தெட்டு வயது. நான் கண்டதே இல்லை. பெட்டிக்குக் கிட்டப் போனதும் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டத் தொடங்கியது. துடைக்கத் துடைக்க வருகிறது. மூக்கும் சேர்ந்துகொண்டது. இடையில் ஒரு கொட்டாவி வந்தது, அதை அடக்கப் போக விம்மல் மாதிரி ஒரு சத்தம் வெளியே வந்துவிட்டது. மண்டபத்தில் இருந்த அத்தனை பேரும் கைப்பேசியிலிருந்து தலையைத் தூக்கினார்கள்.

டொக்டர் சொல்லியிருந்தார், இருபதுக்குக் கீழே கண்ணும் மூக்கும் ஒழுகும் என்று. இது அழுகை இல்லை. பதினாறு மில்லிகிராம்.

ஆனால் தபாலதிபரின் மூத்த மகன் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டான். அப்பாவுக்கு ஒருவரும் அழவில்லையே என்று காலையிலிருந்து வருகிறவர்களின் முகங்களைப் பார்த்துக்கொண்டு நின்றானாம். தனக்கும் வரவில்லையாம். நீங்கள் அப்பாவுக்கு என்ன முறை என்று கேட்டான். கல்வெட்டு முறை என்றா சொல்ல முடியும். கையைத் தட்டிக் கொடுத்துவிட்டு வந்தேன். படம் வாங்க மறந்துபோனேன்.

நவம்பர் 5 (14 மில்லிகிராம்)

டொக்டர் கொப்பியை வாங்கி ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். வெகு நல்லது, விவரமாக எழுதியிருக்கிறீர்கள் என்று பாராட்டினார். தலைகீழாகப் பிடித்திருந்தார்.

நவம்பர் 10

இன்று நடந்ததை எழுதத்தான் வேண்டும். ஒரு செத்தவீடு. பெட்டியைத் தூக்குகிற நேரம். ஆறு ஆண்பிள்ளைகள் கைபோட்டு, தேவாரம் முடிந்து, அரை அடி உயர்த்திவிட்டார்கள். நான் தும்மினேன். ஒரேயொரு தும்மல்.

ஆறு பேரும் அப்படியே நின்றார்கள். ஒற்றைத் தும்மலோடு வீட்டுப் படி இறங்குகிறவர்களே திரும்பிவந்து தண்ணீர் குடித்துவிட்டுத்தான் போவார்கள். இது கடைசிப் பயணம். பெட்டியைத் திரும்ப வைத்தார்கள். ஐயர் என்னைப் பார்த்தார். இன்னொன்று தும்மினால் இரட்டையாகிவிடும், தோஷமில்லை என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். காலையில் வீட்டில் பதினொரு தும்மல் தும்மினவன் நான். வரவில்லை. மூக்கைத் தேய்த்தேன், விளக்கை அண்ணாந்து பார்த்தேன். மலர்ச்சாலைக்காரர் வந்து, அடுத்த குடும்பம் வாசலில் காத்திருக்கிறது என்று மணிக்கூட்டைக் காட்டினார். கடைசியில் செத்தவரின் மச்சான் ஒருவர் மூக்குப்பொடி டப்பாவை நீட்டினார். இழுத்தேன்.

ஒன்பது தும்மல். மொத்தம் பத்து, இரட்டை எண். ஐயர் கையைக் காட்ட, பெட்டி கிளம்பியது. கண்ணீரும் மூக்குமாக நான் பின்னால் நடந்ததைப் பார்த்த கிழவி ஒருத்தி, இந்தப் பொடியன் தும்மலைக்கூட துக்கத்தில்தான் தும்முகிறான் என்றாளாம். யோகலிங்கம் வந்து சொன்னான்.

நவம்பர் 19 (12 மில்லிகிராம்)

வயிறு ஓடுகிறது. அதைப்பற்றி டொக்டருக்கு இதற்குமேல் தேவையில்லை.

நவம்பர் 24

வல்லிபுரம் என்பவரின் மனைவி தவறிவிட்டார். பரிமளகாந்தி, எண்பது வயது. வல்லிபுரத்துக்கு எண்பத்திநாலு, இரண்டு கண்ணிலும் புரை. நான் வழக்கம்போல ஒழுகிக்கொண்டு நின்றேன். கிழவர் பேத்தியிடம் என்னவோ கேட்டார், பிறகு பொல்லை ஊன்றிக்கொண்டு வந்து என்னை ஒரு மூலைக்குத் தள்ளிக்கொண்டு போனார்.

"நீர் நெல்லியடியோ?"

இல்லை ஐயா, நான் அச்சகம் என்றேன். அதை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கல்யாணத்துக்கு முன் பரிமளகாந்திக்கு நெல்லியடியில் ஒருவரைப் பேசிக் குழம்பிப்போனதாம். அறுபது வருடமாக அவள் அதைப்பற்றி வாய் திறக்கவில்லையாம். திறக்காதபடியால் தனக்குத் தெரியுமாம். என் வயதைச் சொன்னேன். குரல் இளமையாகத்தான் இருக்கிறது என்றார். திரும்பவும் அச்சகம் என்றேன்.

"அச்சடிக்கிறவன் ஏன் தம்பி அழுறான்?"

பதில் என்னிடம் இருந்தது. பன்னிரண்டு மில்லிகிராம் என்பதுதான் பதில். கிழவர் என் கையை விடவில்லை. அவள் கடைசிவரை சந்தோஷமாக இருந்தாள், நீர் யோசிக்க வேண்டாம் என்றார். அவளை ஒருத்தன் நினைத்துக்கொண்டிருந்தது நல்லதுதான், தனக்கு அழத் தெரியாது என்றார். நான் ஓம் என்று ஒத்துக்கொண்டேன். எதற்கு ஓம் என்றேன் என்று தெரியவில்லை.

டிசம்பர் 3 (10 மில்லிகிராம்)

யோகலிங்கம் கடைக் கண்ணாடியில் புது அறிவித்தல் ஒட்டியிருக்கிறான். கண்ணீர் அஞ்சலிப் பிரசுரம், கல்வெட்டு, நேரில் வந்து துயர் பகிர்தல், மூன்றும் ஒரே இடத்தில். மூன்றாவது நான். சனிக்கிழமை இரண்டு, ஞாயிற்றுக்கிழமை மூன்று என்று பலகையில் என் பெயருக்கு நேரே எழுதியிருக்கிறான்.

முன்பு என்னைச் சுவர் மாதிரி இருக்கிறார் என்று சொன்னவன் அவன்தான். இப்போது என் மனம் இளகியது யோகாவால் என்று முடிவுகட்டி, தானும் திங்கட்கிழமை வகுப்பில் சேர்ந்துவிட்டான். எந்த வகுப்பில் என்று நான் கேட்கவில்லை.

டிசம்பர் 9

புனிதம் போன் எடுத்தாள். அவளாக எடுத்தது ஜூலைக்குப் பிறகு இதுதான் முதல் தடவை. சுகம் விசாரிக்கப் போகிறாள் என்று நினைத்துக் கதிரையில் வசதியாக இருந்தேன்.

"என்ர அக்கான்ர செத்தவீட்டில முன்வரிசையில இருந்து நித்திரை தூங்கின ஆள் நீங்கள். இப்ப ஊரில உள்ள சவத்துக்கெல்லாம் போய் அழுறியளாம். ஒட்டாவா வரைக்கும் கதை வந்திட்டுது."

அது அழுகை இல்லை, மருந்தைக் குறைக்கக் குறைக்க அப்படித்தான் கண்ணால் வரும் என்றேன். எண்பதிலிருந்து பத்துக்கு வந்துவிட்டேன் என்பதையும் அப்போதுதான் சொன்னேன். இதை எவ்வளவோ அழகாகச் சொல்வதற்கு வைத்திருந்தேன்.



"அப்ப அது கண்ணீரில்லை. மருந்து ஒழுகுது. அதைக் காட்டி அந்தச் சனத்தை ஏமாத்திறியள்."

வைத்துவிட்டாள். அழுதிருந்தால் அக்காவுக்கு ஏன் அழவில்லை என்று கோபம். அழவில்லை என்றால் அதைவிடக் கோபம். இரண்டு பக்கமும் அவள் சொல்வது சரி என்பதுதான் எனக்குப் பிரச்சினை.

டிசம்பர் 10

குளிர். கால் கடுக்கிறது.

டிசம்பர் 17 (8 மில்லிகிராம்)

டொக்டர் கொப்பியை வாசிக்கப் போவதில்லை. ஆகவே எழுதலாம். புனிதம் பேரனைப் பார்க்கப் போகவில்லை. கல்வெட்டால் போனாள்.

போன மார்ச்சில் அவளுடைய அக்கா நாகேஸ்வரி செத்தாள். இரண்டு பேரும் கரவெட்டியில் ஒரே பாயில் படுத்து வளர்ந்தவர்கள். புனிதத்துக்கு வேறு சகோதரம் இல்லை. கல்வெட்டு நான் எழுதாமல் வேறு யார் எழுதுவது. அதில் தங்கை புலம்பல் என்றால் புனிதம் புலம்புவது. நான் அப்போது எண்பது. எண்பதில் ஒன்றும் வலிக்காது, ஒன்றும் பிடிக்காது, எல்லாம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நடக்கும். கொம்பியூட்டரில் தேடினேன். ஏற்கெனவே எழுதிப் பாவிக்காத ஒரு தங்கை புலம்பல் கிடந்தது. அதை எடுத்துப் போட்டேன். நாற்பது நிமிடத்தில் முழுக் கல்வெட்டும் முடிந்தது. முந்நூறு பிரதி.

அந்தியேட்டி வீட்டில் சாப்பாட்டுக்குப் பிறகு எல்லோருக்கும் நடுவில் புனிதம் தன் புலம்பலைத் தானே வாசிக்க எழும்பினாள்.

கோண்டாவில் பெற்ற சிவக்கொழுந்தே என் அக்கா
மீண்டும் நீ வாராயோ என் விம்மல் தீர்ப்பதற்கு

இந்த இடத்தில் நிறுத்தினாள், ஊரும் வேறு, பெயரும் வேறு. ஒருத்தரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

வீட்டுக்கு வந்து, சிவக்கொழுந்து என்றால் சிவபெருமானின் தளிர் என்று கருத்து, அக்காவை உயர்த்தித்தான் சொல்லியிருக்கிறது என்று விளக்கினேன். கோண்டாவிலுக்கு என்ன கருத்து என்று கேட்டாள். அதற்கும் ஒரு கருத்துச் சொன்னேன். என்ன சொன்னேன் என்று இங்கே எழுத வெட்கமாயிருக்கிறது. உங்களோடு கதைக்கிறதும் சுவரோடு கதைக்கிறதும் ஒன்று என்று சொல்லிவிட்டு அடுத்தநாள் பஸ் ஏறினாள்.

எனக்குப் புனிதம் வேண்டும். எழுதிவிட்டேன்.

டிசம்பர் 31 (6 மில்லிகிராம்)

எட்டிலிருந்து ஆறுக்கு வருவதற்கும் எண்பதிலிருந்து எட்டுக்கு வருவதற்கும் ஒரே தூரம் போலிருக்கிறது. எலும்புக்குள் யாரோ தளபாடம் நகர்த்துகிறார்கள். பாமசிக்காரி இன்று பேசச் சொன்னபோது, நாசமாய்ப் போக என்றேன். புதுவருட வாழ்த்து என்று நினைத்து அதையே திருப்பிச் சொன்னாள். உச்சரிப்பு நன்றாக இருந்தது.

ஜனவரி 7

யோகலிங்கம் நகரத்தில் உள்ள திங்கட்கிழமை யோகா வகுப்பு நாலுக்கும் போய்ப் பார்த்துவிட்டான். நான் எதிலும் இல்லை. ஆகவே நான் வெளியே தெரியாத மேல்நிலை வகுப்பில் இருக்கிறேன் என்று கண்டுபிடித்திருக்கிறான். இப்போது என்னோடு கதைக்கும்போது குரலைத் தாழ்த்துகிறான்.

ஜனவரி 14

நாலுக்கு இறங்க வேண்டிய நாள். முடியாது என்றேன். டொக்டர் கோபிக்கவில்லை. ஆறிலேயே இன்னும் இரண்டு கிழமை நிற்கலாம், நிற்பது தோல்வி இல்லை என்றார். அட்டவணையை அழித்துத் திருத்தி எழுதினார். அழிறப்பர் வைத்திருக்கிற டொக்டரை இப்போதுதான் பார்க்கிறேன்.

ஜனவரி 19

மத்தியானம் ஒரு மணி. மேசையில் தலையை வைத்துக்கொண்டு கிடந்தேன். நடுக்கம், வேர்வை. தடிமன் காய்ச்சல் என்று யோகலிங்கத்திடம் சொல்லியிருந்தேன். அவன் நல்லவன். தனக்குப் பல்லுப் பிடுங்கியபோது வலிக்குத் தந்த குளிசையில் இரண்டு மிஞ்சிக் கிடந்ததாம், போட்டால் சுகமாயிருக்கும் அண்ணை என்று என் விசைப்பலகைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வங்கிக்குப் போய்விட்டான்.

வெள்ளைக் குளிசை. ஒன்பது வருடத்துக்கு முன் தொடங்கியதும் இதே சாதிதான். பார்த்தவுடன் வாயில் தண்ணீர் ஊறியது. மருமக்கள் புலம்பல் அரைவாசியில் நின்றது. இரண்டைப் போட்டால் இந்த மத்தியானம் சரியாகிவிடும். பிறகு எண்பது. பிறகு கண்ணாடிக்கு அந்தப் பக்கம்.

புனிதத்துக்கு எடுத்தேன். எனக்கு முன்னால் இரண்டு குளிசை இருக்கிறது என்று மட்டும் சொன்னேன்.

"கையால எடுக்காதேங்கோ. கதையுங்கோ."

என்ன கதைப்பது என்று தெரியவில்லை. அவளுக்கும் தெரியவில்லை. பேரனுக்குப் பல் முளைத்ததைச் சொன்னாள். பனி எத்தனை அடி என்று சொன்னாள். மகள் சோறு குழைய விடுகிறாள் என்றாள். அதற்குப் பிறகு கதை முடிந்துபோய் இரண்டு பேரும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தோம்.

"அந்தச் சிவக்கொழுந்து ஆரப்பா?" என்று கேட்டாள்.

ஒன்பது மாதமாக எனக்கே அந்தக் கேள்வி வரவில்லை. கொம்பியூட்டரில் சிவக்கொழுந்தின் கல்வெட்டைத் தேடித் திறந்து வாசித்தேன். கோண்டாவில். எண்பத்தொரு வயது. இளவயதில் புருஷனை இழந்தவர். ஒரே மகன் உதயசீலன், கணக்காளர். சிவக்கொழுந்தும் தகப்பன் தாய்க்கு ஒரே பிள்ளை. நான் பழக்கதோஷத்தில் தங்கை புலம்பல் ஒன்றும் எழுதி அனுப்ப, அம்மாவுக்கு உடன்பிறப்பே இல்லை என்று மகன் அதை வெட்டிவிட்டார். வெட்டியதுதான் கொம்பியூட்டரில் மிஞ்சிக் கிடந்தது.

"அப்ப அவவுக்கு அழ ஒரு சகோதரமும் இல்லையோ?"

இல்லை என்றேன்.  அவள் லைனை வைக்கவில்லை. யோகலிங்கம் வந்ததும் குளிசையை எடுத்துக் குப்பையில் போடச் சொன்னேன். ஏன் அண்ணை என்றான். யோகா என்றேன். தலையைக் குனிந்து எடுத்துக்கொண்டு போனான். அதைக் கேட்டுக்கொண்டிருந்த புனிதம் சிரித்தது எனக்குக் கேட்டது.

ஜனவரி 28 (4 மில்லிகிராம்)

இறங்கினேன்.

பெப்ரவரி 3

புனிதம் ஞாயிற்றுக்கிழமைகளில் எடுக்கிறாள். என்னைப்பற்றிக் கேட்பதில்லை. சிவக்கொழுந்தைப்பற்றித்தான் கேட்கிறாள். என்ன சீலை உடுத்தியிருக்கிறா படத்தில். பொட்டு வைத்திருக்கிறாவோ. எத்தனை வயதில் கனடா வந்தவ. நான் வம்சாவழிப் பக்கத்தைப் பார்த்து மாணவன் மாதிரிப் பதில் சொல்கிறேன். முந்நூறு பேருக்கு முன்னால் அக்கா என்று கூப்பிட்டுவிட்டேன், இனி இல்லை என்று சொல்ல ஏலுமோ என்றாள். பகிடியா உண்மையா என்று குரலில் தெரியவில்லை.

பெப்ரவரி 11 (2 மில்லிகிராம்)

கிண்ணத்தில் முழுக்கத் தோடம்பழச் சாறுதான். மருந்து பெயருக்கு. ஆனாலும் உடம்பு அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறது.

பெப்ரவரி 25 (0)

பூச்சியம். பூட்டுப் பெட்டியைத் திருப்பிக் கொடுத்தேன். பாமசிக்காரி கையைக் குலுக்கி, மலர்ந்த முகத்தோடு நாசமாய்ப் போக என்றாள். நன்றி என்றேன். பஸ் தரிப்பிடத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்தேன், சிரித்துச் சிரித்து வாந்தி எடுத்தேன்.

மார்ச் 2

படுக்கை. யோகலிங்கம் கஞ்சி கொண்டுவந்தான்.

மார்ச் 6

படுக்கை.

மார்ச் 15

இன்று காலையில் பாலைக் காய்ச்சிவிட்டு நின்றபோது பால் மணந்தது. எட்டு வருடமாகப் பால் மணக்கவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. கொட்டாவி இல்லை. தும்மல் இல்லை. கண் காய்ந்திருக்கிறது.

மார்ச் 17

பெரிய செத்தவீடு. நடனப் பள்ளி வைத்திருந்த அம்மா. என்னை முன்வரிசையில் இருத்தினார்கள். ஒரு துளியும் வரவில்லை. குடும்பம் முதலில் பொறுமையாக இருந்தது. பிறகு என்னை ஒரு மாதிரிப் பார்த்தது. யோகலிங்கம் வெளியே கூட்டிக்கொண்டு போய், காரிலிருந்து வெங்காயம் ஒன்று எடுத்துத் தந்தான். முன்யோசனைக்காரன். வேண்டாம் என்றேன். யோகா வகுப்பு முடிந்துவிட்டது என்றேன். தனக்குக் கவலை வந்ததாகச் சொன்னான், கண்ணும் கலங்கியது. உள்ளே போய் என் இடத்தில் அவன் இருந்தான். அவனுக்கு வந்தது.

மார்ச் 23

நாகேஸ்வரி செத்து வருடமாகிறது, ஆட்டைத் திவசம் திதிப்படி மார்ச் 28. பிள்ளைகள் கோயிலில் செய்கிறார்கள். புனிதம் தன் பங்குக்குத் தன் வீட்டில் படைக்கப் போகிறாளாம். தன் வீடு என்றால் எந்த வீடு என்று கேட்க வாயெடுத்துவிட்டு அடக்கிக்கொண்டேன்.

மார்ச் 26

பஸ் நிலையத்தில் இறங்கினாள். மெலிந்திருக்கிறாள். இரண்டு பெரிய சூட்கேஸ். ஒரு திவசத்துக்கு இரண்டு சூட்கேஸ் தேவையில்லை.  தூக்கப் போனேன், இடுப்பு என்று ஒன்றை அவள் பறித்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்து பிரிட்ஜைத் திறந்து, பூட்டுப் பெட்டி இருந்த தட்டைக் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அதில் கீரையை வைத்தாள்.

மார்ச் 28

விடியவே தலைமுழுகிச் சமைக்கத் தொடங்கினாள். கத்தரிக்காய்ப் பால்கறி, பருப்பு, வாழைக்காய்ப் பொரியல், வடை, நாகேஸ்வரிக்கு விருப்பமான பயற்றம் பணியாரம். கழுவி வைக்கச் சொல்லி வாழையிலையைத் தந்தாள். ஒன்றைக் கழுவினேன்.

"ரெண்டு," என்றாள்.

மற்றது யாருக்கு என்று கேட்கத் தேவையிருக்கவில்லை. நாகேஸ்வரியின் படத்துக்குப் பக்கத்தில், என் கல்வெட்டிலிருந்து வெட்டியெடுத்த சிவக்கொழுந்தின் படம் சாத்தியிருந்தது. இரண்டு இலையிலும் சோறு போட்டு, கறி போட்டு, வடை வைத்தாள். நாகேஸ்வரியின் இலையில் பணியாரம் வைத்தாள். மற்ற இலைக்கு முன்னால் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

"அவவுக்கு என்ன விருப்பமெண்டு தெரியேல்லையே. மகனுக்கு எடுத்துக் கேளுங்கோ."

காலை எட்டரை மணி. நான் வாழ்க்கையில் இதற்கு முன் இருவரிடம்தான் உண்மை சொல்லியிருக்கிறேன், டொக்டரும் இவளும். உதயசீலனுக்கு எடுத்து எல்லாவற்றையும் சொன்னேன். உங்கள் அம்மாவின் பெயரில் என் பிழையால் அழுகை ஒன்று அச்சாகிப் போனது, அழுதது என் மனைவி, இப்போது உங்கள் அம்மாவுக்கு இங்கே இலை போட்டிருக்கிறது, என்ன சாப்பாடு விருப்பம் என்று கேட்டேன். மற்றப் பக்கத்தில் கணக்காளர்கள் நிறுத்துகிற மாதிரி ஒரு நிறுத்தம். வைத்துவிடப் போகிறார் என்று நினைத்தேன்.

"பாண்," என்றார். "றோஸ் பாணின்ர கரை. நடுவை எனக்குத் தந்திட்டு, கரைதான் தனக்கு விருப்பமெண்டு சொல்லுவா."

 கொஞ்சநேரத்தில் அந்தப் பக்கத்தில் அவர் அழுகிற சத்தம் கேட்டது. நான் அழவில்லை. ஆறுதலாக ஒரு வரியும் எனக்கு வரவில்லை, பதினாறு வருடம் அதையே எழுதினவன். லைனை வைக்காமல் பிடித்துக்கொண்டு இருந்தேன். புனிதம் கரண்டியோடு வந்து என் பக்கத்தில் நின்றாள். பத்து நிமிடம் இருக்கும். கடைசியில் உதயசீலன் மூக்கைச் சிந்திவிட்டு, தானும் வரலாமா என்று கேட்டார். விலாசம் சொன்னேன்.

பாணின் முறுகின கரைதான் விருப்பமாம் என்று புனிதத்திடம் சொன்னேன். சப்பாத்தைப் போட்டுக்கொண்டு பேக்கரிக்குப் பாண் வாங்க வெளிக்கிட்டேன். அவள் வாசல்வரை வந்தாள்.

"முழுசா வாங்குங்கோ," என்றாள். "இண்டைக்கு அவவுக்கு நடுவை வைப்பம்."